கரையில் நின்றவர்கள்

1617-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நார்வேயின் வடகிழக்கு முனையில், வார்டோ, கிபெர்க் என்ற மீன்பிடி ஊர்களுக்கு வெளியே திடீரெனப் புயல் எழுந்தது. பத்துப் படகுகள் மூழ்கின. நாற்பது ஆண்கள் கரை திரும்பவில்லை. மாகாணம் முழுவதிலும் ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான் வாழ்ந்தார்கள் என்பதால், அந்த ஒரே நாள் எத்தனை அடுப்புகளை அணைத்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1620–21 குளிர்காலத்தில், அந்தப் புயலை எழுப்பியதாகக் குற்றம் சாட்டி அதே ஊர்களின் பெண்களை வார்டோ கோட்டைக்கு இழுத்துவந்தார்கள். மீன்பிடிக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, அதன்மேல் துப்பி, பிறகு அவிழ்த்தார்கள். உடனே கடல் பொங்கியது. இப்படி ஒரு வாக்குமூலம் நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது.

மூன்று முடிச்சு என்றதும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு நினைவு வருவது வேறு கயிறு. இரண்டுக்கும் உறவில்லை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனாலும் இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த ‘மூன்று’ என்ற சொல்லில் என் கண் தட்டி நிற்கிறது.

இந்த ஊர்கள் இருக்கும் கடற்கழியின் பெயர் வராங்கர் ஃபியோர்டு. பனியாறு மலையைக் குடைந்து இறங்கிய பள்ளத்துக்குள் பின்னர் கடல் நுழைந்தால் அது ஃபியோர்டு. நம் பாடநூல்கள் அந்தச் சொல்லை அப்படியே எழுத, இலங்கையின் தமிழ்ப் புவியியலாளர்கள் ‘நுழைகழி’ என்று ஓர் அருமையான சொல்லை ஆக்கிவைத்திருக்கிறார்கள். வராங்கர் நார்வேயின் கிழக்குக் கோடியில் உள்ள நுழைகழி. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வாய் மட்டும் 70 கிலோமீட்டர் அகலம். ஒரு புறம் வார்டோ தீவு, மறுபுறம் ரஷ்ய எல்லையில் கிரென்சே யாக்கோப்செல்வ் என்ற சிற்றூர். நார்வேயின் கழிகள் பெரும்பாலும் மேற்கே திறந்திருக்கும். இது கிழக்கே, பாரெண்ட்ஸ் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. சுற்றுலா அஞ்சலட்டைகளில் காணும் செங்குத்துச் சுவர்களும் அருவிகளும் இங்கே இல்லை. தாழ்ந்த, மரமற்ற, காற்று அறையும் நிலம். பனியாறு குடைந்ததற்கான இலக்கணங்கள் இல்லாததால், கறாரான பொருளில் இது ஃபியோர்டே அல்ல என்கிறது புவியியல். பெயரில் மட்டும் ஃபியோர்டு.

எழுபதாவது அட்சரேகையை ஒட்டிய இடம். மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடு வரை எழுவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தின் வால் இவ்வளவு தூரம் எட்டுவதால் ஆண்டு முழுதும் துறைமுகம் உறைவதில்லை. குளிர்கால முடிவில் கபெலின் என்ற சிறுமீன் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும். அதைத் துரத்திக்கொண்டு காட் மீன் வரும். காட் மீனைத் துரத்திக்கொண்டு மனிதர்கள் வந்தார்கள். இந்தக் கரையில் ஊர்கள் தோன்றியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை.

பர்கூர்க்காரியான எனக்குக் கடலைவிடப் பாறை நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்து வீடுகளின் திண்ணையும் கல், வேலியும் கல், ஏற்றுமதியும் கல். அதனால் வராங்கரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் இழுத்தது ஒரு பாறைதான். கழியின் உள்முனையில், பிக்கன்யார்கா என்னுமிடத்தில், 1891-இல் ஹான்ஸ் ரொய்ஷ் என்ற நிலவியலாளர் ஒரு பாறைத் திட்டைக் கண்டார். பனியாறு இழுத்துவந்து கொட்டிய கற்குவியல் இறுகிப் பாறையாகியிருந்தது. அதன் அடித்தளத்தில் பனி உரசிய கீறல்கள். அறுபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பனியூழியின் தடயம் அது. அந்தப் பழைய பனிக்காலத்தை ‘வராங்கர்’ என்ற பெயராலேயே நிலவியலாளர்கள் நெடுநாள் குறித்துவந்தார்கள்.

அண்மைப் பனியூழி வேறொரு தடயத்தை விட்டுப்போனது. மைல் கணக்கில் கனத்த பனிப்பாளத்தின் எடை நீங்கியதும் நிலம் மெல்ல மெல்ல மேலெழுந்தது, இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. பழைய கடற்கரைகள் படிக்கட்டுகள் போல ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. மோர்டென்ஸ்னெஸ் என்ற இடத்தில் பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். மேலே போகப் போக வீடுகளின் குழிகள் பழையவை. ஒவ்வொரு காலத்தவரும் தம் காலத்துக் கரையை ஒட்டிக் கட்டினார்கள், கரை கீழே இறங்கிவிட்டது. கல்லும் எலும்பும் சாம்பலும் கிடக்கும் அந்தக் குழிகளில் ஆண் எங்கே இருந்தான், பெண் எங்கே இருந்தாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எழுத்து வந்த பிறகுதான் அந்தப் பிரிவினை தெளிவாகத் தெரிகிறது.

எழுத்தில் உள்ள வராங்கர் வரலாறு கோட்டைகளாலும் எல்லைக்கோடுகளாலும் இரும்புச் சுரங்கத்தாலும் ஆனது. நான் பார்க்க விரும்புவது கடலுக்குப் போகாமல் கரையில் நின்றவர்களை.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவளுக்கு ‘கழி’ என்ற சொல் வந்தால் நெய்தல் வராமல் இருக்காது. தொல்காப்பியம் நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தது. கானல், கழி, மாலை நேரம், வராத தலைவன், வருந்தும் தலைவி. ஆனால் அதே பாடல்களுக்குள் மீனை வெயிலில் உணக்கி, பறவைகளை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பரதவப் பெண்கள் இருக்கிறார்கள். தெருத்தெருவாக உப்பு விற்கும் உமணப் பெண் இருக்கிறாள். இவர்களைக் கருப்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டு, இரங்குபவளை மட்டும் மையத்தில் வைத்துக்கொள்வது உரைமரபின் பழக்கம், வகுப்பறையின் பழக்கமும்தான். கடற்கரைப் பெண் என்றால் காத்திருப்பவள். அவள் உழைப்பு பின்னணிக் காட்சி.

வராங்கரின் கரையில் அதே பெண்ணுக்கு வேறொரு இடம் ஒதுக்கப்பட்டது. கடல் ஆணைக் கொண்டுபோனதற்கு அவள் வருந்த மட்டும் செய்யவில்லை, பொறுப்பும் ஏற்க வேண்டியிருந்தது.

இந்த எண்ணம் மீனவர் குடிசையில் பிறந்ததல்ல, கப்பலேறி வந்தது. 1589-இல் ஸ்காட்லாந்து அரசன் ஆறாம் ஜேம்ஸுக்கு மணம் பேசப்பட்ட டென்மார்க் இளவரசி அன்னாவின் கப்பல்கள் புயலில் சிக்கி நார்வேயில் ஒதுங்கின. அந்தப் புயலுக்குச் சூனியக்காரிகள்தான் காரணம் என்று கோபன்ஹேகனிலும் எடின்பரோ பக்கத்து நார்த் பெர்விக்கிலும் பெண்களைப் பிடித்து எரித்தார்கள். ஜேம்ஸ் சூனியம் பற்றிப் புத்தகமே எழுதினான். 1597-இல் அது வெளிவந்தது. நார்வே அப்போது டென்மார்க் அரசனுக்குக் கீழ். அரசன் நான்காம் கிறிஸ்டியான் 1617 அக்டோபரில், அதாவது வார்டோ புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, சூனியத்துக்கு எதிரான சட்டம் போட்டான். 1619-இல் வடக்கு மாகாணமான ஃபின்மார்க்குக்கு ஆளுநராக அவன் அனுப்பியது ஜான் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்லாந்துக்காரனை. சட்டம், சட்டத்தை நிறைவேற்றத் தெரிந்த அதிகாரி, பழி சொல்ல ஒரு புயல் என எல்லாம் சேர்ந்த இடத்தில் பெண்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவளைக் கைகால் கட்டிக் கடலில் போடுவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. பிறகு வாக்குமூலம். டோமென் மலையில் பேய்க்கோனோடு கூடிக் குடித்து ஆடினோம், பறவையாக, சீலாக, திமிங்கலமாக உருமாறிக் கடலில் போனோம் என்று ஏடுகள் சொல்கின்றன. யார் யார் கூட இருந்தார்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொருத்தியும் சில பெயர்கள் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களிலிருந்து அடுத்த வழக்கு. 1600 தொடங்கி 1692 வரை இப்படி 91 பேர் கொல்லப்பட்டார்கள்: 77 பெண்கள், 14 ஆண்கள். நார்வே முழுவதிலும் இந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தக் குளிர் மாகாணத்தவர்.

ஆண்களில் பெரும்பாலோர் சாமி இனத்தவர். (நம் காதுக்கு அப்படி விழுந்தாலும் இந்தச் சாமிக்கும் நம் சாமிக்கும் தொடர்பில்லை, வடக்கின் தொல்குடி மக்கள் அவர்கள்.) காற்றை விற்பவர்கள், மேளத்தால் ஆவியை அழைப்பவர்கள் என்று ஐரோப்பா முழுக்க அவர்களைப் பற்றிக் கதை இருந்தது. கடைசி வழக்கு அண்டர்ஸ் பவுல்சென் என்ற வயோதிகச் சாமி ஒருவரின் மேல், 1692-இல். அவருடைய மேளத்தைப் பறித்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் காவலில் இருந்தபோதே அவர் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க்கின் அருங்காட்சியகத்துக்குப் போய், 2022-இல்தான் சாமி மக்களின் கைக்குத் திரும்பியது. 330 ஆண்டுகள்.

தொல்குடி ஆணும் மீனவப் பெண்ணும் ஒரே குற்றப்பட்டியலில் ஏன் வந்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். அரசு அறியாத அறிவு ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் இருவரும். மருந்துச் செடி, பேறுகாலம், வானிலைக் குறி, மாட்டுக்கு வரும் நோய். இந்த அறிவு இல்லாமல் கரையில் ஒரு குளிர்காலத்தைக் கடத்த முடியாது. ஒன்று தவறாகப் போனால் அந்த அறிவையே சாட்சியாக நிறுத்தலாம்.

1662–63 குளிர்காலத்து வழக்குகள் மிகக் கொடியவை. ஏறக்குறைய இருபது பெண்கள் செத்தார்கள். இங்கபோர்க் குரோக் என்பவள் சித்திரவதையின் கடைசி வரை எதையும் ஒப்புக்கொள்ளாமல், யார் பெயரையும் சொல்லாமல் இறந்தாள். அந்தப் பட்டியலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் பெயர் இது. அதே வழக்கில் ஆறு சிறுமிகளும் கூண்டில் நின்றார்கள். பன்னிரண்டு வயது மாரென் ஓல்ஸ்டாட்டர், நரகத்தைப் போய்ப் பார்த்துவந்ததாக விரிவாகச் சொன்னாள். மேல்முறையீட்டில், 1663 கோடையில், சிறுமிகள் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வாயில் கதைகளை ஊட்டியதாகக் கருதப்படுகிறவள் ஆன் ரோடியஸ் என்ற மருத்துவரின் மனைவி.

“பார்த்தீர்களா, பெண்ணுக்குப் பெண்தான் எதிரி” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம் ஊரில் மாமியார்–மருமகள் கதை பேசும்போது வந்து விழும் அதே வாசகம். ஆன் ரோடியஸ் தெற்கே, தலைநகரில், அதிகாரிகளோடு மோதியதால் கணவனோடு சேர்த்து நாட்டின் கோடிக்கு நாடுகடத்தப்பட்டவள்; வார்டோ கோட்டைக்குள் அவளே கைதி. ஆளுநருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தால் விடுதலை கிடைக்கும் என்று அவள் நம்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கோட்டையின் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதைக் கேட்காமல் அந்த வாசகத்தைச் சொல்பவர்கள் வரலாறு பேசவில்லை.

இதையெல்லாம் பழைய ஐரோப்பாவின் மூடத்தனம் என்று தள்ளிவைக்க இந்தியாவில் நமக்கு வசதி இல்லை. ‘டாயன்’ என்று பெண்ணைக் குறிவைத்து அடித்துக் கொல்வதைத் தடுக்கப் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் ஒடிசா 2013-இலும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அசாமும் ராஜஸ்தானும் 2015-இல். அந்தப் பட்டம் கட்டப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மகதோவும், இந்த வழக்கத்தை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்த அசாமின் பிருபாலா ராபாவும் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இங்கே பல சமயம் நிலம்தான் காரணம். கணவனை இழந்தவளின் பங்கு காணி. நம் பக்கம் கொலை வரை போவதில்லை என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்று சொல்லலாம்: மாடு பால் கறக்காவிட்டாலும் குழந்தை பால் குடிக்காவிட்டாலும் ‘எவ கண்ணு பட்டுதோ’ என்றுதான் கேட்கிறோம். ‘எவன்’ என்று கேட்பதில்லை.

2011-இல் வார்டோவில், அந்தப் பெண்கள் எரிக்கப்பட்ட ஸ்டெயில்னெஸ் கரையில், ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் மரச்சட்டங்களுக்கிடையே கித்தான் துணியால் ஆன நீண்ட கூடத்தை அமைத்தார். சட்டங்கள் மீன் காயவைக்கும் பரணை நினைவூட்டுபவை. உள்ளே 91 சிறு சாளரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒவ்வொருவரின் பெயரும் அவர்மேல் சாட்டிய குற்றமும். பக்கத்துக் கறுப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி அணையாமல் எரிகிறது; சுற்றிலும் கண்ணாடிகள் குனிந்து அதைப் பார்க்கின்றன. அது 2010-இல் மறைந்த லூயி பூர்ஷ்வா என்ற பெண் சிற்பியின் கடைசிப் பெரிய படைப்புகளில் ஒன்று. லீவ் ஹெலேனெ வில்லும்சென் என்ற வரலாற்றாசிரியர் பழைய நீதிமன்ற ஏடுகளிலிருந்து எடுத்து எழுதிய வாசகங்கள்தான் சாளரங்களில் தொங்குகின்றன. ஆண் எழுத்தர்கள் குற்றவாளி என்று எழுதிவைத்த அதே ஏடுகள் இல்லாவிட்டால் இந்த மீனவப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது. கொன்றவர்களின் காகிதத்தில்தான் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது பெண் வரலாறு எழுத வருகிற எவரையும் உறுத்தும்.

அடுத்த இரு நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கலாம். வெள்ளைக்கடல் பக்கத்து ரஷ்ய வணிகர்கள் கோடையில் மாவு கொண்டுவந்து மீன் வாங்கிப் போனார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக நானூறு சொல் அளவில் ருசெநோர்ஸ்க் என்று ஒரு கலப்பு மொழி பிறந்தது. ரஷ்யப் புரட்சியோடு வணிகம் நின்றது, மொழியும் செத்தது. பின்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்த குவேன் மக்கள் வாட்ஸோ நகரை நிரப்பினார்கள். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே சந்தையில் பேரம் பேசும் எங்கள் எல்லைப் பகுதிக்கு இந்தக் கலப்பு அந்நியமல்ல. ஆனால் நார்வே அரசு எல்லைப்புற மக்களின் மொழியை ஆபத்தாகப் பார்த்தது. 1898-இல் பள்ளிகளில் சாமி, குவேன் மொழிகளுக்கு இருந்த இடம் ஏறக்குறைய இல்லாமல் ஆக்கப்பட்டது. 1902 சட்டப்படி அரசு நிலம் வாங்க நார்வேஜிய மொழி தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை விடுதிப் பள்ளியில் அவமானப்படக் கூடாது என்று தன் மொழியைப் பிள்ளையிடம் பேசாமல் நிறுத்திக்கொண்ட தாய்மார் ஏராளம். இந்தக் கொள்கையின் காயங்களை விசாரித்த ஆணையம் 2023 ஜூனில் நார்வே நாடாளுமன்றத்திடம் அறிக்கை தந்தது. வீட்டில் பேசிய மொழியை வாசலோடு விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் என் மாணவிகளுக்கு இந்தப் பகுதியைச் சொன்னால் விளக்கம் தேவைப்படுவதில்லை.

கழியின் தென்கரையில் 1906-இல் இரும்புச் சுரங்கம் தொடங்கியது. கிர்கெனஸ் நகரம் அதனால் வளர்ந்தது. அங்கே எல்லிசிஃப் வெஸ்ஸெல் என்ற பெண் இருந்தார். மாவட்ட மருத்துவரின் மனைவி, கவிதை எழுதுபவர், கேமராவோடு சாமி மக்களின் குடில்களுக்குப் போனவர். அவர் எடுத்த படங்கள் இல்லாமல் அந்தக் காலத்துச் சாமி வாழ்வைப் பற்றி இன்று எவரும் எழுத முடியாது. அதே ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அமைவதற்கும் அவர் துணைநின்றார்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படையின் தளமான கிர்கெனஸ்மீது முந்நூறுக்கும் மேற்பட்ட வான்தாக்குதல்கள் நடந்தன. 1944 அக்டோபரில் பின்வாங்கிய படை ஊர்களைக் கொளுத்திக்கொண்டே போனபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பியோர்னெவாத்ன் சுரங்கத்துக்குள் ஒளிந்தார்கள். மாடுகளும் கூட. சோவியத் படை வந்து சேரும்வரை அந்த இருட்டில் வாழ்ந்தார்கள். பத்துக் குழந்தைகள் அங்கே பிறந்தன. போர் வரலாறுகளில் இது ஓரிரு வரிச் செய்தியாக, நெகிழ்ச்சியான செய்தியாக, வந்துபோகிறது. ஈரப் பாறைக்கு நடுவே, வெந்நீருக்கு வழியில்லாத இடத்தில், அந்தப் பத்துப் பேறுகளையும் பார்த்த கைகளைப் பற்றி அந்த வரிகள் பேசுவதில்லை.

கரையில் பெண் செய்த வேலை என்ன? மாடும் ஆடும் அவள் பொறுப்பு. தீவனம் போதாதபோது கடற்பாசியையும் மீன்தலையையும் வேகவைத்து மாட்டுக்குப் போட்டாள். நீண்ட தூண்டில் வரிசைக்கு ஆயிரக்கணக்கான கொக்கிகளில் குளிரில் விரல் மரக்க இரை கோத்தாள். மீனை வெட்டிப் பரணில் ஏற்றினாள், வங்கிக் கணக்கைப் பார்த்தாள், வலையைப் பழுதுபார்த்தாள். 1980-களில் நார்வேயின் பெண் ஆய்வாளர்கள் இவர்களை மீன்பிடியின் ‘தரைக்குழு’ என்று அழைத்தார்கள். விமானம் பறக்கத் தரையில் நிற்கும் ஆட்கள் வேண்டும் அல்லவா, அப்படி. 1990-இல் காட் மீன் குறைந்துபோய் அரசு படகுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தபோது, பங்கு படகின் பெயரில் போனது. படகு ஆணின் பெயரில் இருந்தது. தரைக்குழுவுக்குக் கணக்கில் பத்தி இல்லை.

கரையின் இளம்பெண்கள் படித்துத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆள் பற்றவில்லை. முதலில் பின்லாந்திலிருந்து பெண்கள் வந்தார்கள். பிறகு நம் மொழி பேசுபவர்கள்.

நார்வேக்குப் போன முதல் ஈழத்தமிழர் என்று சொல்லப்படும் அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் போனது மீன்பிடித் தொழிலைக் கற்கும் நோக்கத்தோடு. யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ நிறுவனமும் படகு கட்டுமிடமும் வலைத் தொழிற்சாலையும் அவர் முயற்சியில் எழுந்தன. 1975-இல் நார்வே குடியேற்றத்தை நிறுத்திய பிறகு, மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் என்ற விடுதிப் பள்ளிகளில் மாணவராகச் சேர்வது இளைஞர்களுக்குக் கிடைத்த வாசல். 1983 ஜூலைக்குப் பின் அகதிகள். வேலை வடக்கே இருந்தது. ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில், எழுபதாவது அட்சரேகையில், தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. ஆண்கள் முன்னே போக, மனைவியரும் மணப்பெண்களும் பின்னே சென்றார்கள். அதே போரிலிருந்து தப்பிப் படகில் ராமேசுவரம் வந்தவர்களில் சிலர், எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து முகாம்களில் மூன்றாம் தலைமுறையாக இருக்கிறார்கள். 2021-இல் அந்த முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமை வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் மீனைத் தொடுவது சாதியோடு ஒட்டிய வேலை. கரையோரச் சாதிகளின் கையில் இருந்த கத்தியை, ஃபின்மார்க்கில், காணி வைத்திருந்த வீட்டுப் பெண்ணும் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தலைகீழ் மாற்றம் புலம்பெயர் எழுத்தில் எவ்வளவு பேசப்பட்டிருக்க வேண்டுமோ அவ்வளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

ஈரத் தரை, குளிர்ந்த நீர், ரப்பர் காலணி, தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் மீன். இந்த வரிசையில் நின்ற தமிழரைப் பற்றி ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற மானிடவியலாளர் 2010-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஃபின்மார்க் கரையில் ஓர் ஊரில் தங்கிச் செய்த ஆய்வு. ஊருக்குப் புனைபெயர் வைத்திருக்கிறார். தமிழர்கள், பெண்களும் ஆண்களும், ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதுதான் அவர் ஆய்வின் தொடக்கப்புள்ளி. தலைவலி, தோள்வலி, முதுகுவலி, சோர்வு. பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. நார்வே மருத்துவர்கள் குழம்பினார்கள். நோயின் பெயரை அந்த உடல்களில் தேடுவதைக் காட்டிலும், அவர்கள் இழந்த உறவு, சடங்கு, மணம், வெயில், தாங்கள் யார் என்ற உணர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறார் குரோன்செத்.

எனக்கு அவரோடு பாதி உடன்பாடு. அகதியின் வலியைப் பண்பாட்டு இழப்பாகப் படிக்கும்போது, எட்டு மணி நேரம் குளிரில் நின்று மீன் வெட்டிய தோள் வெறுமனே வலிக்கவும் கூடும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இதே ஆலைகளில் முன்பு நின்ற நார்வேப் பெண்களுக்கும் கையும் கழுத்தும் வலிக்கத்தான் செய்திருக்கும். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் பருவத்துக்குப் பருவம் நின்றுகொண்டே பழம் சீவும் பெண்களிடமும், பர்கூர் சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் ஏறும் பெண்களிடமும் கேட்டால் இடுப்புவலி என்பார்கள். மாத்திரைக் கடையில் பேர் சொல்லியே வாங்குவார்கள். அவர்கள் மொழியை இழக்கவில்லை, நாட்டை இழக்கவில்லை. என்றாலும் வலி இருக்கிறது. குரோன்செத்தின் நூலை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக: ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் எழுதிய இடத்தில் அவர் உட்கார்ந்து கேட்டார்.

தமிழர்கள் அங்கே நெடுநாள் தங்கவில்லை. ஆலைகள் மூடின, அல்லது ஆள் குறைத்தன. பிள்ளைகளின் படிப்புக்காகவும் கோயிலுக்காகவும் உறவுக்காகவும் குடும்பங்கள் தெற்கே ஆஸ்லோவுக்கு இறங்கின. 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே போன கம்ஷாஜினி குணரத்னம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021-இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். நம் பத்திரிகைகள் பெருமையோடு எழுதிய செய்தி இது. மீன் வரிசையில் நின்ற அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் செய்தியாகவில்லை.

வார்டோவில் இன்று ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள். முன்பு இருந்தவர்களில் பாதி. 1982-இல் கடலுக்கடியில் வெட்டிய சுரங்கப்பாதை தீவை நிலத்தோடு இணைக்கிறது. அது நார்வேயில் கடலுக்கடியில் போட்ட முதல் சாலைச் சுரங்கம். அதன் வழியாகத்தான் ஊரைவிட்டுப் போனவர்களும் போனார்கள். ஸ்டெயில்னெஸ் கூடத்தில் 91 விளக்குகள் எரிகின்றன. இரை கோத்தவர்களுக்கும் மீன் வெட்டியவர்களுக்கும் அந்தக் கரையில் வைத்த ஏடு சம்பளப் பதிவேடுதான். மூடிய ஆலைகளோடு அவற்றில் எத்தனை குப்பைக்குப் போயின, எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தேட வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் தேட வேண்டிய ஏடுகள் அவை. பக்கங்களில் சிவகாமியும் புஷ்பராணியும் நார்வேஜிய எழுத்துக்கூட்டில் எப்படி எழுதப்பட்டிருப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் அடையாளம் தெரியும்.